பி.டி. பீரியடை எடுத்துவிட்டால் கொட்டாவி நிற்குமா?

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஒன்பது பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும்,

போன வியாழக்கிழமை 9-பி படிக்கும் என் மகனின் டைரியில் ஒரு சுற்றறிக்கை ஒட்டி வந்தது. காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது, மாணவர்கள் வகுப்பில் ஆர்வமில்லாமல் தூங்கி வழிகிறார்கள், ஆகவே தீபாவளி விடுமுறைக்குப் பிறகு ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு பி.டி., நூலகம், ஓவியம் ஆகிய பாடவேளைகள் ரத்து; அந்த நேரத்தில் ஸ்லிப் டெஸ்ட்; மாலை 4.30 முதல் 6.30 வரை ஸ்பெஷல் கிளாஸ்; சனிக்கிழமை முழு நாள். டிசம்பரிலிருந்து ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்பு போர்ஷன் தொடங்கும். கடைசி வரியில், பெற்றோர் பிள்ளைகளுக்குச் செல்போன் கொடுப்பதே இதற்கெல்லாம் காரணம் என்றும் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டு அனுப்ப இடம் விட்டிருந்தீர்கள். நான் போடவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

வெள்ளிக்கிழமை நேரில் வந்தேன். நோட்டீஸ் போர்டில் 'கவனமற்ற மாணவர்கள்' என்று 14 பெயர்கள். ஆறாவது பெயர் என் மகனுடையது. வகுப்பாசிரியரிடம் கேட்டதற்கு, "ஊர்ல எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான் சார் பண்றாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அது என் கேள்விக்குப் பதில் இல்லை.

நான் விசைத்தறி ஓட்டுகிறவன். இதே பள்ளியில் 1991-ல் பத்தாம் வகுப்பு முடித்தேன். அப்புறம் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு அப்பாவின் எட்டுத் தறிகளுக்கே திரும்பி வந்தேன். சலிப்பைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி கிடையாது. அது என் தொழிலிலேயே இருக்கிறது, அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் தறிக்காரனுக்கு எப்போது தூக்கம் வரும் தெரியுமா? வேலை நெருக்கும்போது வராது. இழை அறுந்து, முடிச்சுப் போட்டு, ஓடி ஓடி நூல் சுற்றிய தார்க்குழலை மாற்றும்போது விடிய விடிய நிற்பான். எட்டுத் தறியும் ஓர் இழைகூட அறாமல் ஓடுகிற ராத்திரியில்தான் கண் சொக்கும். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த நிலைமையில் என் அப்பா ஆளைத் தார் சுற்றவோ துணி மடிக்கவோ அனுப்புவார். தூங்கி விழுகிறான் என்பதற்காக ஷிப்டில் இரண்டு மணி நேரம் கூட்டியதாக எனக்கு நினைவில்லை.

"போர் அடிக்குதுப்பா" என்று என் மகன் சொல்லத் தொடங்கியது ஏழாம் வகுப்பில். முதலில் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன்: சோம்பல், செல்போன், வயசுக்கோளாறு. திட்டினேன். ஒரு தடவை அடித்தும் விட்டேன், அதை இங்கே மறைக்கப் போவதில்லை. இந்த வருஷம் அவன் "போர் அடிக்குது" என்று சொல்வதையே நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகூட எதுவும் வேண்டாம் என்கிறான். கிரிக்கெட் மட்டை மூலையில் கிடக்கிறது. "ஸ்கூல்ல இன்னிக்கு என்னடா?" என்றால் "ஒண்ணுமில்ல." பயந்துபோய்க் கோயம்புத்தூரில் கல்லூரியில் உளவியல் நடத்தும் என் தங்கையைக் கூப்பிட்டேன். அவள் என்னைத் திட்டிவிட்டு, படிக்கச் சிலவற்றை அனுப்பினாள்.

அதில் என்னை உட்காரவைத்தது ஒரு விளக்கம். கனடாவைச் சேர்ந்த ஜான் ஈஸ்ட்வுட் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2012-ல் எழுதியது. மனம் எதிலாவது ஈடுபட ஆசைப்படுகிறது, ஆனால் ஈடுபட முடியவில்லை. அந்தத் தவிப்புக்குப் பெயர்தான் சலிப்பு என்கிறார்கள். சோம்பேறிக்கு அந்த ஆசையே இருக்காது. என் மகனுக்கு இருந்தது. ஏழாம் வகுப்பில் அவன் என்னிடம் வந்து போர் அடிக்கிறது என்று சொன்னபோது, எனக்கு ஏதாவது கொடு என்று கேட்டிருக்கிறான். நான் அடி கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் படித்தேன். ஜெர்மனியில் ரெய்ன்ஹார்ட் பெக்ருன் என்பவரும் உடனிருந்தவர்களும் கல்லூரி மாணவர்களை ஒரு கல்வியாண்டு முழுக்கத் தொடர்ந்து கவனித்து 2014-ல் எழுதினார்கள். சலிப்பு கூடினால் பின்னால் மதிப்பெண் இறங்குகிறது. மதிப்பெண் இறங்கினால் அடுத்து சலிப்பு கூடுகிறது. செக்கு மாடு மாதிரி ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. இப்போது உங்கள் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். மதிப்பெண் இறங்கியதற்கு நீங்கள் கண்ட மருந்து, எதனால் பிள்ளைகள் சலித்தார்களோ அதையே இன்னும் இரண்டு மணி நேரம்.

எதனால் சலித்தார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சரி. செப்டம்பரில் ஒரு வாரம், ஒவ்வொரு பீரியடிலும் என்ன நடந்தது என்று ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவரச் சொன்னேன். ஆசிரியர் பெயர் எழுதாதே, குறை எழுதாதே, நடந்ததை மட்டும் எழுது என்றேன். ஐந்து நாள், 40 பீரியட். போர்டைப் பார்த்து எழுதியது 14. டெஸ்ட் 9. அடுத்த டெஸ்டுக்குப் படி என்று சும்மா உட்காரவைத்தது 6. ஒருவன் புத்தகத்தை வாசிக்க மற்றவர்கள் அடிக்கோடு போட்டது 5. பாடம் நடத்தியது 4. பி.டி. ஒன்று, இன்னொரு பி.டி. அறிவியலுக்குப் போய்விட்டது. நூலகப் பீரியடில் ஸ்லிப் டெஸ்ட், அது அந்த ஒன்பதில் சேர்த்தி. மிச்சமிருக்கும் ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறேன்.

அதே நோட்டில் வேறொரு பக்கமும் இருந்தது, நான் கேட்காதது. கோடு கோடாக, ஐந்தைந்தாகக் கட்டி, மொத்தம் 31 கோடு. என்னடா இது என்றேன். ஒரு சமூக அறிவியல் பீரியடில் "இது இம்பார்ட்டன்ட்" என்று எத்தனை தடவை வந்தது என்ற கணக்காம். சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தேன். கவனமற்ற மாணவன் என்று போர்டில் பெயர் எழுதப்பட்டவன் நாற்பத்தைந்து நிமிஷம் ஒரு சொல்லைக்கூட விடாமல் கவனித்திருக்கிறான். அவனிடம் கவனம் இருக்கிறது. அதை வைக்க இடம்தான் இல்லாமல் போயிற்று.

ஒரே பெஞ்சில் மூன்று பேர் உட்காருகிறார்கள். என் மகனுக்குப் பெரும்பாலும் பாடம் முதல் தடவையே புரிந்துவிடுகிறது. அதை நோட்டில் ஒரு தடவை, டெஸ்டில் ஒரு தடவை, இம்போசிஷனில் ஐந்து தடவை எழுதும்போது அவன் மனம் கிளம்பிப் போய்விடுகிறது. பக்கத்துப் பையன் எங்கள் தெருதான், சாயங்காலம் தறிக்கொட்டகைக்கு வருவான். அவனுக்கு ஆறாம் வகுப்புப் பின்னம் இன்னும் பிடிபடவில்லை. மூன்றில் ஒன்று பெரிதா நான்கில் ஒன்று பெரிதா என்றால், நான்குதானே பெரிது என்கிறான். அந்தப் பையன் இயற்கணிதத்தில் பல்லுறுப்புக்கோவையை மணிமணியான கையெழுத்தில், தலைப்புக்குப் பச்சை ஸ்கெட்ச் போட்டு, போர்டைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறான். நோட்டுக்கு 'வெரி குட்' வாங்கியிருக்கிறான். அவனுக்கும் சலிப்புதான். ஒருவனுக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்வதால். இன்னொருவனுக்குத் தெரியாததன் மேல் தெரியாததை அடுக்குவதால். கொட்டாவி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வரும். ஒரே மருந்து இரண்டு பேருக்கும் எப்படிச் சரிப்படும்?

மூன்றாவது பையனுக்குக் கண்ணில் கோளாறு. போன வருஷம் முழுக்கப் பின்வரிசையில் உட்கார்ந்து போர்டு தெரியாமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினான், அதற்காக அடி வாங்கினான். இந்த ஜூனில் கண்ணாடி போட்டார்கள். அவனை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டியதில்லைதான். ஆனால் கவனமில்லை என்று எழுதுவதற்கு முன்னால் கண்ணையும், காலைச் சாப்பாட்டையும், தூக்கத்தையும் ஒருதடவை விசாரித்தால் என்ன?

சலிப்பு மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மட்டும் வருவது என்றும் நினைக்க வேண்டாம். என் அண்ணன் மகள் இங்கேதான் பத்தாம் வகுப்பு. கணக்கில் செண்டம் வாங்குகிறவள். வகுப்பில் என்ன செய்வாய் என்று கேட்டேன். "சார் அடுத்து என்ன ஜோக் சொல்வார்னு தெரியும் சித்தப்பா. மூணாவது ரிவிஷன்ல மூணாவது தடவை அதே ஜோக்" என்றாள். அவள் பெயர் நோட்டீஸ் போர்டில் வராது. அவள் அமைதியாக இருப்பாள். ஜெர்மனியில் இதே துறையில் நடந்த இன்னோர் ஆய்வு சலிப்பை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. அதில் நான்கு முன்பே அனுமானித்தவை. ஐந்தாவதை 2014-ல் புதிதாகச் சேர்த்தார்கள். கோபமும் இல்லை, துறுதுறுப்பும் இல்லை, வேறு எதையும் தேடுவதும் இல்லை, மரத்துப்போன நிலை. அதைப் படித்தபோது எனக்கு மூலையில் கிடக்கும் கிரிக்கெட் மட்டைதான் ஞாபகம் வந்தது. வகுப்பு சத்தமில்லாமல் இருந்தால் ஆய்வுக்கு வருகிற அதிகாரி பாராட்டிவிட்டுப் போவார். சத்தம் போடுகிற பையனைவிட இந்தச் சத்தமில்லாத பிள்ளைகளைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

செல்போனுக்கு வருகிறேன். உங்கள் குற்றச்சாட்டில் பாதி நியாயம் இருக்கிறது. அரை நிமிஷ வீடியோவாகத் தள்ளிக்கொண்டே இருக்கிற விரலுக்கு நாற்பத்தைந்து நிமிஷப் பாடம் நீளமாகத்தான் தெரியும். நானே ராத்திரி பதினொரு மணிக்கு ரீல்ஸ் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் குறைசொல்கிறவன். இந்த மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கு எல்லாப் போனும் சாமி அலமாரிக்குப் போய்விடுகிறது, என்னுடையது உட்பட. ஆனால் ஒன்று கேட்கிறேன். 9-பி அறையின் ஜன்னலோரப் பெஞ்சைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? காம்பஸ் முனையால் குடைந்த பெயர்கள் இருக்கும். அதில் ஒன்று என்னுடையது, 1990 என்று வருஷத்தோடு. அன்றைக்கு எங்கள் தெருவிலேயே போன் கிடையாது.

அந்தப் பெஞ்சில் நாங்கள் கை கட்டி வாய் பொத்தி உட்கார்ந்தோம். சும்மா உட்காருவது மனிதனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அமெரிக்காவில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். டிமதி வில்சன் என்பவரின் குழு 2014-ல் வெளியிட்டது. ஓர் அறையில் 15 நிமிஷம் யோசனையை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். தொட்டால் லேசாகக் கரண்ட் அடிக்கிற ஒரு பொத்தான் மட்டும் உண்டு. 18 ஆண்களில் 12 பேர் தாங்களாகவே அந்த ஷாக்கை வாங்கிக்கொண்டார்கள். பெண்களில் 24-க்கு 6. வளர்ந்தவர்கள், கால் மணி நேரம். நீங்கள் பதினான்கு வயதுப் பிள்ளையை "படி" என்று சொல்லி ஒரு பீரியட் முழுக்க உட்காரவைக்கிறீர்கள். அவன் பக்கத்துப் பையனைக் காம்பஸால் குத்தாமல் இருப்பதே பெரிய விஷயம்.

எல்லாச் சலிப்பும் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மே மாத மத்தியானத்தில் வெயிலுக்குப் பயந்து வீட்டில் அடைந்து கிடக்கும்போது வருகிற சலிப்பில்தான் நாங்கள் தீப்பெட்டியில் போன் செய்தோம், நுங்கு வண்டி ஓட்டினோம். அங்கே எழுந்து போக முடிந்தது. எழுந்து போகவும் முடியாமல் வாய் திறக்கவும் முடியாமல் வருஷக்கணக்கில் அனுபவிக்கிற சலிப்பு வேறு ரகம். இரண்டையும் குழப்பிக்கொண்டு "எங்க காலத்துல நாங்க போர் அடிக்காமலா படிச்சோம்" என்று பேசுகிறவர்கள் உண்டு. பெற்றோர் கூட்டத்திலும் ஒருவர் பேசினார்.

இப்போது, மிச்சம் வைத்த அந்த ஒரு பீரியட். புதன்கிழமை மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஃபேன் ஓடவில்லை. கணக்கு சார் வகுப்பை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். கொடிக்கம்பத்தின் உயரம் எவ்வளவு, ஏறாமல் சொல்லுங்கள் என்றாராம். ஒரு குச்சியை நட்டு அதன் நிழலையும் கம்பத்தின் நிழலையும் அளந்து விகிதம் போட்டுப் பிள்ளைகள் 22 அடி என்று கண்டுபிடித்தார்கள். பி.டி. சாரைக் கேட்டால், வாங்கும்போது அது 20 அடிக் கம்பம் என்கிறார். இரண்டடி எங்கே போயிற்று? குச்சி சாய்ந்திருக்கிறது என்று ஒரு கட்சி, அளந்தவன் தப்பு என்று இன்னொரு கட்சி. பெல் அடித்த பிறகும் சண்டை. கடைசியில் பின்னம் தெரியாத அந்தப் பையன்தான் சொன்னானாம்: "டேய், கம்பம் மேடை மேல நிக்குதுடா." மேடை இரண்டடி.

அன்றைக்கு என் மகன் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வரும் முன்பே பேசத் தொடங்கிவிட்டான். ரொம்ப நாளைக்கு அப்புறம். இத்தனைக்கும் அது புதிய பாடம் இல்லை, புதிய கருவி இல்லை, ஒரு பைசா செலவில்லை. ஒரே கேள்வியில் வகுப்பிலேயே வேகமானவனுக்கும் பின்தங்கியவனுக்கும் வேலை இருந்தது. அந்தக் கணக்கு சாருக்கு என் வணக்கம். கரண்ட் போனால்தான் இது நடக்கும் என்பதுதான் வருத்தம். அவருக்கும் போர்ஷன் துரத்துகிறது. ஒரே பாடத்தை நான்கு பிரிவுக்கு நடத்தி, மூன்று ரிவிஷன் செய்து, பேப்பர் திருத்தி, ஆன்லைனில் விவரம் ஏற்றி முடிக்கும்போது ஆசிரியருக்கும் சலித்துத்தான் போகும். அதைச் சொல்வதற்கு அவருக்கு ஒரு டைரிகூடக் கிடையாது.

இதற்கு மாறாக அறிவியலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் அளவீடு. நுண்ணிய நீளங்களை அளக்கும் வெர்னியர் அளவியின் படத்தை என் மகன் மூன்று தடவை வரைந்திருக்கிறான். அதன் மீச்சிற்றளவு, அதாவது அது அளக்கக்கூடிய மிகச் சிறிய நீளம், 0.01 செ.மீ. என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான். வெர்னியரைக் கண்ணால் பார்த்ததில்லை. பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிகலுக்கு மட்டும் திறக்கும் என்றான். எங்கள் தெருமுனை லேத் பட்டறையில் ஒரு வெர்னியரை இரவல் வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி பத்து மணி வரை வீட்டில் இருந்த அத்தனையையும் அளந்தான். பத்து ரூபாய் நாணயம் 2.7 செ.மீ. அம்மாவின் வளையல், உள்விட்டம் தனி, வெளிவிட்டம் தனி. பிறகு ஒரு தலைமுடியை வைத்துப் பார்த்துவிட்டு, இதற்கு இது பத்தாது, திருகு அளவிதான் வேண்டும் என்று அவனே சொன்னான். புத்தகத்தில் அடுத்த பக்கமே திருகு அளவிதான். கேள்வி அவனுக்கு முதலில் வந்தது, விடை அப்புறம் வந்தது. பள்ளியில் எப்போதும் விடைதான் முதலில் வருகிறது, அதுவும் "புக் பேக், ஒன் வேர்டு, இம்பார்ட்டன்ட்" என்ற முத்திரையோடு.

நான் கேட்பது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லை. 1993-லேயே இயற்பியலாளர் யஷ்பால் தலைமையிலான குழு மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. மூட்டை சுமக்கிறார்களே பிள்ளைகள் என்று மாநிலங்களவையில் 1989-ல் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் பேசிய பேச்சு அப்போது நாடெங்கும் அடிபட்டது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்க வழி சொல்லப் புறப்பட்ட குழு, பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதுதான் கொடிய சுமை என்று எழுதிவைத்தது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகப் பிள்ளை கற்க வேண்டும் என்கிறது. அது எட்டாம் வகுப்பு வரைதானே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஒன்பதில் காலெடுத்து வைத்ததும் பிள்ளையின் மூளை மாறிவிடுமா?

நம் மாநிலத்திலேயே செய்து பார்த்திருக்கிறோம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் என்று தொடங்கி, பின்னர் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டுபோனார்கள். என் மகன் அப்படி ஒரு பள்ளியில் பாயில் உட்கார்ந்து அட்டைகளை எடுத்துப் படித்தவன். சுவரில் அவன் கைக்கெட்டும் உயரத்தில் அவனுக்கென்று ஒரு துண்டுக் கரும்பலகை இருந்தது. அந்த முறையிலும் குறைகள் உண்டு, ஆசிரியர்களுக்கு வேலைப்பளு என்று அப்போதே பேசினார்கள். ஆனால் அவனவன் வேகத்தில் அவனவன் ஏணிப்படி ஏறினான். முதல் வகுப்பில் அவன் வாயை மூடவைக்க நாங்கள் பட்ட பாடு! அதே பிள்ளைதான் இப்போது "ஒண்ணுமில்ல" என்கிறான்.

ஒன்பதிலேயே பத்தாம் வகுப்பு போர்ஷன் தொடங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருட்டியதால்தான் 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். அண்மையில் அந்தத் தேர்வையும் எடுத்தாயிற்று. மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று அமைச்சரே மேடையில் கேட்டுக்கொண்டார். அரசு ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் ஏன் புதிதாக மாட்டுகிறீர்கள்? டிசம்பரில் பத்தாம் வகுப்புக் கணக்கின் முதல் பாடமான 'உறவுகளும் சார்புகளும்' தொடங்கினால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும்போது அதை என் மகன் நான்காவது தடவையாகப் பார்ப்பான். பக்கத்துப் பையனோ ஒன்பதாம் வகுப்பு முக்கோணவியலையே பார்க்காமல் பத்தாம் வகுப்பு உயரங்களும் தொலைவுகளும் போடுவான்.

நேரக் கணக்கும் பாருங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலை 7.10 பஸ். மாலை 6.30-க்கு விட்டால் அடுத்த பஸ் 7.15. வீட்டுக்கு வர எட்டு. சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதிப் படுக்கப் பதினொன்று, மறுபடி ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும். இந்த வயதுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது. ஆறரை மணி நேரம் தூங்கியவன் மறுநாள் வகுப்பில் தூங்கி வழிந்தால் அவன் பெயர் மறுபடி போர்டில் ஏறுமா?

என் கோரிக்கைகள் இவை.

பி.டி., நூலகம், ஓவியம் ஆகிய பாடவேளைகளை ரத்து செய்த பகுதியைத் திரும்பப் பெறுங்கள். ஸ்பெஷல் கிளாஸ் கட்டாயம் என்றால் பத்தாம் வகுப்புக்கு மட்டும், ஐந்தரை மணிக்குள், யாருக்கு எந்தப் பாடத்தில் தேவையோ அவர்களுக்கு மட்டும் வையுங்கள்.

நோட்டீஸ் போர்டில் இருக்கும் அந்த 14 பெயர்களை நாளைக்கே எடுத்துவிடுங்கள். இதற்குக் கூட்டம் போட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை ஏப்ரல் வரை ஒன்பதாம் வகுப்பிலேயே நடத்துங்கள். டிசம்பரில் கிடைக்கும் என்று நீங்கள் கணக்குப் போட்ட நாட்களில், பின்னம், சதவீதம், சரளமாக வாசிப்பது இவற்றில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பக்கத்துப் பையனைப் பின்னத்திலிருந்து தொடங்க விடுங்கள். அதே நேரத்தில், தெரிந்தவனைத் தெரிந்ததையே ஐந்து தடவை எழுதச் சொல்லாமல், கொடிக்கம்பம் மாதிரி ஏதாவது கொடுத்து மரத்தடிக்கு அனுப்புங்கள். வாரத்துக்கு ஒரு பாடத்தில் ஒரு பீரியட் போதும். எல்லா நாளும் திருவிழா நடத்தச் சொல்லவில்லை.

ஆய்வகத்தை ஒன்பதாம் வகுப்புக்கும் திறங்கள். கருவி பத்தாது என்றால், பத்து வெர்னியர் அளவிகளும் ஐந்து திருகு அளவிகளும் வாங்கித் தர 1991-ல் படித்த நாங்கள் ஆறு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறோம். லேத் பட்டறைக்காரர் வந்து பழுது பார்த்துக் கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார். சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மாதம் ஒரு தடவை பிள்ளைகளிடம் பெயர் போடாத துண்டுச் சீட்டில் கேளுங்கள்: எந்த வகுப்பில் நேரம் போனதே தெரியவில்லை, எந்த வகுப்பில் கடிகாரத்தைப் பார்த்தாய், ஏன்? அதை வைத்து எந்த ஆசிரியரையும் விசாரிக்கக்கூடாது என்பதையும் முதலிலேயே எழுதிக் கொடுங்கள். எதிலும் ஒட்டாமல் ஒடுங்கிக் கிடக்கிற பிள்ளையைப் பார்த்தால், தண்டிப்பதற்கு முன் வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். கண், தூக்கம், மனசு எதுவாக இருந்தாலும் நாங்கள் பார்க்கிறோம்.

பதிலை எழுத்தில், தீபாவளி விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்குள் எதிர்பார்க்கிறேன். இந்த மடலின் நகலைப் பெற்றோர்கள் 23 பேர் படித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள், தாளை இணைத்திருக்கிறேன். கூட்டம் வைத்தால் எல்லாரும் வருவோம், ஷிப்ட் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது.

மற்றதெல்லாம் மெதுவாக நடக்கட்டும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். விடுமுறை முடிந்து வருகிற திங்கட்கிழமை ஐந்தாவது பீரியட், பழைய டைம்டேபிள்படி, 9-பி-க்கு பி.டி. அன்று என் மகன் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வரலாமா?

இப்படிக்கு,
9-பி மாணவன் ஒருவனின் அப்பா
(1991, பத்தாம் வகுப்பு, அதே ஜன்னலோரப் பெஞ்சு)